வேலி அரக்கியிருந்தால்: ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில காணி விஷயங்கள்

லீவில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோயில், கலியாணம் என்று நாளை ஓட்டிவிட்டு கடைசிக் கிழமையில்தான் காணியை எட்டிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். அப்பாவின் வளவில் மேற்கு வேலிக் கதியால்கள், அதாவது வேலிக்கு நடும் உயிர்க்கொம்புகள், புதிதாக நின்றன. எங்கள் பக்கம் இருந்த பூவரசின் அடிக்கட்டை இப்போது பக்கத்து வளவுக்குள். வேலியை ஒரு முழத்துக்கு மேல் எங்கள் பக்கம் அரக்கி, நகர்த்திவிட்டார்கள். எனக்கு பிளேன் ஏற ஐந்து நாள்தான் இருந்தது.

ஆகவே, வந்திறங்கிய முதல் கிழமையே காணிக்குப் போங்கள். காணி உறுதி (பத்திரம்) தொலைந்துவிட்டதென்றால் பதற வேண்டாம். நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் தேடுவது சுலபம். பழைய உறுதிகளில் படம் இருக்காது, ‘வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னார் காணி’ என்று நாலு எல்லைதான் இருக்கும். அந்த இன்னார் செத்து முப்பது வருஷமாகியிருக்கும். சண்டைக்குப் போகுமுன் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்துவிடுங்கள்.

யாராவது பலவந்தமாக உள்ளே புகுந்திருந்தால் நாளைக் கடத்தாதீர்கள். ஆரம்ப நீதிமன்ற நடைமுறை பற்றிய 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. காணித் தகராறு அடிதடியில் முடியும் என்று தெரிந்தால் பொலிஸோ நீங்களோ அதன்படி வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். அங்கே காணி யாருடையது என்று தீர்ப்பதில்லை, யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைத் துரத்தியிருந்தால், திரும்பக் கையில் தரச் சொல்லலாம். அந்த இரண்டு மாதம் கடந்துவிட்டால் மாவட்ட நீதிமன்றம்தான். அங்கே தவணைக்கு மேல் தவணை விழும், உங்கள் டிக்கெட் திகதியை யாரும் கேட்க மாட்டார்கள்.

பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ்தான், அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்று, பத்து வருஷ ஆட்சி. உங்கள் உரிமையை மறுத்து ஒருவர் பத்து வருஷம் தடையில்லாமல் இருந்துவிட்டால் காணி தனக்கே என்று வழக்காடலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதனால் ‘சும்மா இருந்து பார்த்துக்கொள்ளுங்கோ மாமா’ என்று வாயால் சொல்லிவிட்டு வராமல், அனுமதியோடு இருக்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். மாமா கோவிப்பார். கோவிக்கட்டும்.

உங்களுக்காக இன்னொருவர் காணி அலுவல் பார்க்க அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) கொடுப்பதென்றால் ஊரில் நிற்கும்போதே நொத்தாரிசுவிடம் முடித்துவிடுவது நல்லது. வெளிநாட்டில் எழுதினால் தூதரகம், அத்தாட்சி என்று அலைச்சல். ‘விற்கவும் ஈடு வைக்கவும்’ என்ற வரி தேவையில்லையென்றால் வெட்டச் சொல்லுங்கள். கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்குக் காணியை விற்க நினைத்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கே முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

என் வேலிச் சங்கதி, இரு பக்கத்தையும் பேசி இணக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனது. பயணத்தை ஒரு மாதம் தள்ளினேன். சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட மண்டபம். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க இருந்தோம். சட்டத்தரணி இல்லை, செலவும் இல்லை. சபையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நில அளவைப் படத்தை விரித்து, அயலவரிடம் “தம்பி, கட்டை எங்கை நிக்குது?” என்று மட்டும் கேட்டார். அயலவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரி மழையோடு கதியாலை மாற்றி நடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

மார்கழியில் ஒன்றுவிட்ட தம்பி போட்டோ அனுப்பினான். பூவரசங்கட்டை எங்கள் பக்கம் நிற்கிறது, தளிர்த்திருக்கிறது.