மொச்சை வேரில் மை வைத்துப் பாருங்கள்: செடி எந்த இடத்தில் நீள்கிறது?

திருமங்கலம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. ஆட்டுக்குட்டி கட்டுவதற்காகத் தாத்தா அதில் அடித்த ஆணி, நான் பாவாடை கட்டிய வயதில் என் தோளுக்கு நேராக இருந்தது. இன்றைக்கு அதே ஆணி என் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. நான் வளர்ந்துவிட்டேன், மரமும் மாடியைத் தாண்டிவிட்டது, ஆணி மட்டும் தாத்தா அடித்த உயரத்திலேயே நிற்கிறது.

27 வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். திசுக்கள் பாடம் தொடங்கும்போதெல்லாம் இந்த ஆணிக் கதையைத்தான் முதலில் சொல்வேன். மரம் வளர்ந்தால் ஆணியும் மேலே போயிருக்க வேண்டாமா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். செடி முழுவதும் ரப்பர் மாதிரி இழுபட்டுத்தான் நீள்கிறது என்று பிள்ளைகள் மனதில் ஓர் எண்ணம் இருக்கிறது. பலகையில் எவ்வளவு படம் போட்டாலும் அது மாறாது. ஒரு மொச்சை வேரில் பத்துக் கோடு போட்டுக் காட்டினால் மறுநாளே மாறிவிடும். அதை வீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

காய்ந்த மொச்சை இருபது எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் போதுமே என்று தோன்றும். ஆனால் பாதி கோணல் வேராக வரும், இரண்டு மூன்று அழுகும். தட்டப்பயறும் முளைக்கும்தான், ஆனால் வேர் மெல்லியது, கோடு போடக் கை நடுங்கும். மொச்சை வேர் தடிமனாக, வெள்ளையாக, நேராக வரும். ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, ஈர வேட்டித் துணியில் பரப்பிச் சுருட்டிவையுங்கள். மதுரை வெயிலில் துணி மதியத்துக்குள் காய்ந்துவிடும், அதனால் மண்பானைக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் செய்தால் நாளுக்கு இரண்டு தடவை விதையை அலசுங்கள், இல்லாவிட்டால் வாடை வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் வேர் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வந்திருக்கும். நேராக இருப்பதில் ஆறேழு பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோடு போடும் வேலை. அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஸ்கெட்ச் பேனா ஈர வேரில் பரவிவிடும். ஸ்பிரிட் கலந்த மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். முதல் வருடம் நான் அதில்தான் போட்டேன். மறுநாள் காலையில் எட்டு வேரும் பழுப்பேறிச் சுருண்டு கிடந்தன, பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் கண்டுபிடித்த வழி இது. ஒரு ஈர்க்குச்சியை வில் மாதிரி வளைத்துத் தையல் நூலை நாண் கட்டுங்கள். நூலை இந்தியன் இங்க்கில் தொட்டு, காகிதத்தில் ஒரு தடவை ஒற்றிவிட்டு, வேரின் குறுக்கே லேசாக வையுங்கள். மயிரிழை போலக் கோடு விழும். வேரை ஸ்கேலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, நுனியிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் கோடு. கோடு போடுவதற்கு முன்னால் பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வேரின் மேல் மெல்லிய மயிர் போல இருக்கும் வேர்த்தூவி காற்றில் கொஞ்ச நேரத்திலேயே வாடிவிடும்.

கோடு உலர்ந்ததும் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நனைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகுங்கள். வேர் நுனி கீழே பார்க்க வேண்டும். அடியில் இரண்டு விரல் தண்ணீர், மேலே ஒரு தட்டு. அவ்வளவுதான்.

மறுநாள் அதே நேரத்துக்கு எடுத்துப் பாருங்கள். வேர் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நீண்டிருக்கும். விதைப் பக்கத்துக் கோடுகள் போட்டபடியே இருக்கும், ஸ்கேல் வைத்தால் 2 மில்லிமீட்டர் அப்படியே. நுனிப்பக்கத்து இரண்டு மூன்று இடைவெளிகள் மட்டும் அகன்று, அங்கே கோடுகளும் இழுபட்டுப் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். முழு நீளமும் அந்தச் சின்ன இடத்திலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் என்ற தாவரவியலாளர் அவரை இனச் செடி ஒன்றின் வேரில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மைக்கோடு போட்டு இதை அளந்தார். நுனியிலிருந்து மூன்றாவது மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும்விட அதிகம் நீண்டிருந்தது. அடுப்படி டம்ளரில் நீங்கள் செய்திருப்பதும் அதே சோதனைதான்.

சரி, அந்த இடத்துக்குள் என்ன நடக்கிறது? வேரின் கடைசி முனையில் விரலுக்குத் தையற்காரர் போடும் தொப்பி மாதிரி வேர்மூடி இருக்கிறது. மண்ணில் உரசித் தேய்வது அதுதான். அதற்கு உள்ளே, மேலாக, நுனி ஆக்குத்திசு. அங்கே இருப்பவை சின்னச் செல்கள். மெல்லிய சுவர், பெரிய உட்கரு, உள்ளே இடைவெளியே இல்லாத நிறைவு. இவற்றின் வேலை பிரிந்துகொண்டே இருப்பது. ஆனால் பிரிவதால் மட்டும் வேர் நீண்டுவிடாது. ஒரு ஏக்கரை அண்ணன் தம்பி இரண்டாகப் பாகம் பிரித்தால் நிலம் இரண்டு ஏக்கர் ஆகிவிடுமா? எண்ணிக்கைதான் கூடும். நீளம் அடுத்த கட்டத்தில் வருகிறது. பிரிந்த செல்கள் கொஞ்சம் பின்தங்கியதும் தண்ணீரைக் குடித்து, உள்ளே தண்ணீர்ப் பை மாதிரி இருக்கும் நுண்குமிழைப் பெரிதாக்கி, பத்து மடங்குக்கு மேலும் நீள்கின்றன. பக்கவாட்டில் பருக்காமல் ஏன் நீளவாக்கில் போகின்றன? செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள், பம்பரத்தில் சாட்டை சுற்றியது போலக் குறுக்கே சுற்றிக் கிடக்கின்றன. வயிறு வீங்க விடாது, நீள மட்டும் விடும். தண்ணீர் இல்லாத நாளில் செடி ஏன் குட்டையாகவே நிற்கிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. செல் பிரிந்தாலும் உப்பி நீளத் தண்ணீர் வேண்டும்.

பிள்ளைகள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி: நீள்கிற இடம் ஏன் இத்தனை சின்னதாக, நுனியை ஒட்டியே இருக்கிறது? ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள் என்பேன். நூலை நுனியிலிருந்து அரை விரல் தள்ளிப் பிடித்துத் தள்ளினால் துவண்டு மடங்கும். நுனியை ஒட்டிப் பிடித்தால் காதில் நுழையும். மண்ணுக்குள் நுழையும் வேருக்கும் அதே பாடுதான்.

இன்னொரு டம்ளரில் இதையும் செய்யுங்கள். கோடு போட்ட ஒரு விதையை வேர் கிடைமட்டமாக இருக்கும்படி செருகுங்கள். சில மணி நேரத்தில் வேர் கீழே திரும்பத் தொடங்கும். வளைவு எந்தக் கோடுகளுக்கு நடுவில் விழுகிறது என்று கவனியுங்கள். கடைசி முனையில் விழாது, நீள்கிற பகுதியில்தான் விழும். வேர்மூடிக்குள் இருக்கும் மாவுமணிகள் கீழ்ப்பக்கமாகப் படிந்து திசையைத் தெரிவிக்கின்றன, திரும்புவது அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி. வேறொரு வேரில் நுனியை மூன்று மில்லிமீட்டர் பிளேடால் வெட்டிவிடுங்கள். நீளம் சீக்கிரமே நின்றுவிடும், சில நாளில் மேலே பக்கவேர்கள் கிளம்பும்.

தண்டுக்கும் இதே முறைதான், ஆனால் முளை மேலே வந்தபிறகு 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். தண்டில் நீளும் பகுதி வேரைவிடப் பெரியது, கொழுந்துக்குக் கீழே சில சென்டிமீட்டர் வரை பரவியிருக்கும். அதைத் தாண்டிக் கீழே போனால் கோடுகள் அசையாது. அதன்பிறகு அந்தத் தண்டு பருக்கும், நீளாது. எங்கள் வேம்பின் ஆணி மேலே போகாததும் இதனால்தான்.

எங்கள் அப்பா மல்லித் தோட்டக்காரர். கார்த்திகையில் கவாத்து வெட்டுவார். செடியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிடுவதைப் பார்க்கச் சின்ன வயதில் எனக்கு அழுகை வரும். நுனிக்கொழுந்து இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன், கீழே கணுக்களில் இருக்கும் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியை எடுத்துவிட்டால் கணுவுக்குக் கணு புதுக்கிளை வரும். மல்லி பூப்பது அந்தப் புதுக்கிளைகளில். நுனிகள் பெருகினால்தான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகும் பூவும் பெருகும். அப்பா ஆக்சின் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனால் கத்தியைக் கணுவுக்குச் சற்று மேலே வைக்கத் தெரிந்திருந்தது.

தென்னைக்கும் பனைக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு இருப்பது ஒரே நுனி, குருத்துக்குள் பத்திரமாக. காண்டாமிருக வண்டு மட்டையைத் துளைத்தால் மரம் தாங்கும். குருத்தின் அடியே அழுகிவிட்டால் அந்த மரத்துக்குப் பக்கமொட்டு என்று வேறு ஆதாரம் இல்லை, போய்விடும். சோழவந்தான் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் அண்ணாந்து முதலில் நடுக்குருத்தைப் பார்ப்பது அதனால்தான்.

புல் வேறு மாதிரி. ஆடு மேய்ந்த அருகு மறுவாரம் பழையபடி நிற்கிறதே, அதன் இலை வளர்வது அடியிலிருந்து. நுனியைத் தின்றாலும் வளரும் இடம் மண்ணை ஒட்டித் தப்பித்துவிடுகிறது. வாழையிலும் இதைக் காணலாம். இன்னும் தார் தள்ளாத இளம் வாழை ஒன்றைக் குறுக்கே வெட்டிவிட்டுச் சாயங்காலம் போய்ப் பாருங்கள், நடுவில் சுருட்டிய இலை ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். சாறு வடியும் அந்த வெட்டுக்கு நடுவே பச்சைக் குழல் மாதிரி எழும்பும் அதைக் காட்டத்தான் ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கக்கன்றை ஒதுக்கி வைப்பேன்.

சோதனை முடிந்த மொச்சைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நுனி வெட்டாதவற்றை வேலியோரம் ஒரு விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். மைக்கோடு போட்ட வேர் மண்ணுக்குள் போய்விடும். ஆடி, ஆவணியில் ஊன்றினால் பொங்கலுக்குக் குழம்பில் போடக் காய் கிடைக்கும்.