பெரியம்மாவின் ஹோல்: ஒருபுள்ளி பெர்ஸ்பெக்டிவில் ஓர் அறை கீறுவது எப்படி?

கனடாவில் இருக்கும் பெரியம்மா போன வருடம் ஒரு வேலை தந்தார். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்த அம்மம்மா வீடு இப்போது இல்லை. அதன் படமும் ஒருவரிடமும் இல்லை. "அந்த ஹோலை மட்டும் எண்டாலும் ஒருக்காக் கீறி அனுப்பு, பிள்ளை" என்று கேட்டார். நான் உள்ளே போயே பார்த்திராத அறை அது. அம்மாவிடம் கேட்டபோது அளவுகள் தடையில்லாமல் வந்தன. சிவப்புச் சீமெந்துத் தரையில் ஓரடிக் கட்டங்கள் வெட்டியிருந்ததாம். அதில் கெந்தி விளையாடிய பிள்ளைக்கு எண்ணிக்கை மறக்குமா? அகலம் 10 கட்டம், நீளம் 15 கட்டம், சீலிங் 9 அடி உயரம்.

அறையின் அளவும், எங்கே இருந்து அதைப் பார்க்கிறோம் என்பதும் தெரிந்தால் போதும், படம் இல்லாமலே அந்த அறையைச் சரியாகக் கீறலாம். தூரம் போகும் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர்வதாகக் கீறும் முறை இது, அதுதான் ஒருபுள்ளி பெர்ஸ்பெக்டிவ். எங்கே இருந்து பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

சாமான்கள்

ஏ4 தாள், 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், மூலைமட்டம், அழிறப்பர், பென்சில் இரண்டு. அடிமட்டம் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக்கில் இருக்கட்டும். இரும்பு அடிமட்டம் கீழே இருக்கும் கோட்டை மறைத்துவிடும், இந்த வேலைக்கு அது வேண்டாம். உதவிக் கோடுகளுக்கு வெளிறிய 2எச், கடைசிக் கோட்டுக்குக் கறுத்த 2பி. ஒரே பென்சிலால் எல்லாம் கீறினால் எது சுவர், எது உதவிக் கோடு என்று உங்களுக்கே தெரியாமல் போகும். போன் அப்களில் இதைச் செய்யலாம்தான், ஆனால் முதல் மூன்று நாலு படமாவது கையால் கீறுங்கள். கட்டம் தானாக வந்துவிட்டால் அது ஏன் அப்படி வருகிறது என்பது பிடிபடாது.

இன்னொன்று: தாளைப் பழைய கலண்டர் மட்டையில் ஒட்டி, மறைபுள்ளியில் (கோடுகள் போய்ச் சேரும் அந்தப் புள்ளி, எங்கே வைப்பது என்று கீழே வரும்) ஒரு குண்டூசி குத்தி, அதில் தையல் நூலைக் கட்டிவிடுங்கள். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு எங்கே போகும் என்று கீறுமுன்பே தெரியும். மேசன்மார் நூல் பிடிக்கிற அதே வேலைதான்.

கண்மட்டம்

பண்ணைப் பாலத்தில் நின்று கடல் முடிகிற கோட்டைப் பாருங்கள். அது உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். அப்படியே கீழே குந்துங்கள், கோடும் உங்களோடு இறங்கும். நீங்கள் எழும்பி நிற்கும்போது, உங்கள் உயரமுள்ள ஒருவர் பாலத்தில் எவ்வளவு தூரம் நடந்து போனாலும் அவருடைய கண் அந்தக் கோட்டிலேயே நிற்கும். அறைக்குள்ளும் அந்தக் கோடு இருக்கிறது, சுவர் மறைத்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி, நிற்பவருக்கு 5 அடி. நாங்கள் கதிரையில் இருந்து பார்ப்பதாக வைப்போம். வாசற்பக்கச் சுவரோடு கதிரை, எதிர்ச்சுவர் 14 அடி தூரத்தில்.

எதிர்ச்சுவர்

அளவுத்திட்டம்: எதிர்ச்சுவரில் ஓரடிக்கு 1 செ.மீ.

தாளைக் குறுக்காக வையுங்கள். அடியிலிருந்து 9.5 செ.மீ. உயரத்தில் ஒரு கிடைக்கோடு மெல்லிதாகக் கீறுங்கள், அது கண்மட்டம். அதன் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் மறைபுள்ளி. நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் 5 செ.மீ., கண்மட்டத்துக்குக் கீழே 4 செ.மீ., மேலே 5 செ.மீ. வைத்துச் செவ்வகம் ஒன்று கீறினால் 10 அடி அகலமும் 9 அடி உயரமுமான சுவர் வந்துவிடும்.

இனி மறைபுள்ளியிலிருந்து செவ்வகத்தின் நாலு மூலைகளுக்கூடாகவும் வெளியே கோடு இழுங்கள். சுவரும் தரையும் சீலிங்கும் சந்திக்கிற ஓரங்கள் அவை. படத்துக்கு வெளிச்சட்டம் 20 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம்: மறைபுள்ளியிலிருந்து இரு பக்கமும் 10, கீழே 8, மேலே 10. நாலு கோடும் இந்தச் சட்டத்தின் மூலைகளில் போய் விழ வேண்டும். விழாவிட்டால் மேலே போகாமல் இங்கேயே திருத்துங்கள்.

இந்தப் படத்தில் கோட்டுக்கு மூன்று திசைதான்: நேரே கிடை, நேரே நிலை, அல்லது மறைபுள்ளிக்கு. சரித்துப் போட்ட கதிரைக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கு அதே கண்மட்டத்தில் வேறு இரண்டு புள்ளிகள் வேண்டும். முதல் படத்தில் எல்லாக் கதிரையையும் நேராகப் போடுங்கள்.

தரைக்கட்டம்

நான் ஒரு கிழமை மாட்டுப்பட்டது இங்கேதான்.

நீளக்கோடுகளில் சிக்கல் இல்லை. எதிர்ச்சுவரின் அடியில் 1 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து, மறைபுள்ளியிலிருந்து ஒவ்வொரு குறிக்கூடாகவும் முன்னே இழுத்தால் சரி. குறுக்குக்கோடுகள்தான் சிக்கல். தூரம் போகப்போக நெருங்க வேண்டும் என்று தெரியும், எவ்வளவு நெருங்க வேண்டும்? ஒவ்வொரு வரிசையையும் முன்னதில் மூன்றில் இரண்டாகக் குறைத்துப் பார்த்தேன். கட்டம் மாதிரித்தான் இருந்தது, ஆனால் தரை எங்கேயோ வளைந்து கிடந்தது. பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, 1435இல் இத்தாலியில் அல்பேர்ட்டி என்ற கட்டடக்கலைஞர் இதே மூன்றில் இரண்டு வழக்கத்தைப் பிழை என்று எழுதியிருக்கிறார். தரை சரியா என்று பார்க்க அவர் சொன்ன சோதனை, கட்டங்களின் மூலைகளுக்கூடாகப் போகும் ஒரு மூலைவிட்டம் நேர்கோடாக வருகிறதா என்பது. அந்த மூலைவிட்டத்தை முதலிலேயே கீறினால் என்ன?

செய்யும் முறை இது. கண்மட்டக் கோட்டில் மறைபுள்ளியிலிருந்து இடப்பக்கம் 14 செ.மீ. அளந்து ஒரு புள்ளி வையுங்கள். தாளின் கரைக்குக் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. உள்ளே வரும். ஏன் 14? நீங்கள் எதிர்ச்சுவரிலிருந்து 14 அடி தூரத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் தூரம்தான் அந்தப் புள்ளி. அதனால் அதற்குத் தூரப்புள்ளி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

தூரப்புள்ளியில் அடிமட்டத்தின் ஒரு பக்கத்தையும், எதிர்ச்சுவரின் இடது கீழ்மூலையில் நடுப்பகுதியையும் பொருத்துங்கள். மூலையிலிருந்து முன்னுக்கு, வலப்பக்கமாகச் சரிந்து இறங்கும் கோட்டைக் கீறுங்கள். சட்டத்தின் அடியை எட்டும்வரை அது ஏழு நீளக்கோடுகளை வெட்டும். வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிடைக்கோடு. அவைதான் குறுக்கு வரிசைகள், ஊகத்துக்கு இடமே இல்லை.

சரிபார்க்க: சுவரோடு இருக்கும் முதல் வரிசை 3 மில்லிமீற்றர் தான். பிறகு முன்னே வரவர ஏறத்தாழ 3.5, 4, 5, 6, 8, கடைசியாக 10. ஏழாவது கோடு வெளிச்சட்டத்தின் அடியில் சரியாக விழும். 14 அடி தூரத்தில் பாதி 7 அடி, அந்த இடத்தில் எல்லாமே எதிர்ச்சுவரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. 1 செ.மீ. கட்டம் அங்கே 2 செ.மீ. அகலம். முதல் தரம் அந்தக் கோடு சட்டத்தில் போய் ஒட்டியபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லித் தீராது.

கதவு, அலுமாரி, மேசை

எதை வைத்தாலும் முதலில் தரைக்கட்டத்தில் அதன் அடியைக் கீறுங்கள், உயரத்தைப் பிறகு பாருங்கள்.

கதவு இடச்சுவரில், எதிர்ச்சுவரிலிருந்து எண்ணி 3ஆம் கோட்டிலிருந்து 6ஆம் கோடு வரை, 3 அடி அகலம். அந்த இரு கோடுகளும் சுவரைத் தொடும் இடத்தில் நிலைக்கோடு எழுப்புங்கள். உயரம் 7 அடி: அதை எதிர்ச்சுவரின் இடது மூலையில் 7 செ.மீ. ஆகக் குறித்து, மறைபுள்ளியிலிருந்து அந்தக் குறிக்கூடாக இடச்சுவரில் கோடு இழுங்கள். நிலைக்கோடுகள் வெட்டுகிற இடம் கதவின் மேற்சட்டம். உயரத்தை எப்போதும் எதிர்ச்சுவர் மூலையில்தான் அளக்க வேண்டும், கதவு நிற்கும் இடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் பிழைக்கும்.

மேசை வலச்சுவரோடு, 2 கட்டம் அகலம், 1ஆம் கோட்டிலிருந்து 5ஆம் கோடு வரை, உயரம் இரண்டரை அடி. அதே முறை. அது கண்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் மேற்பலகை தெரியும். ஆறரை அடி அலுமாரியின் மேற்பக்கம் தெரியக்கூடாது. யன்னல் எதிர்ச்சுவரில் என்றால் அளந்து ஒரு செவ்வகம், அவ்வளவுதான்.

பிறகு சேர்த்தவை

இதைப் பார்த்துக் கீறிய ஒரு தங்கச்சி, முன்வரிசைக் கட்டங்கள் நீட்டு நீட்டாகப் பாய் விரித்தமாதிரி வருகிறது என்று படம் அனுப்பியிருந்தார். அவர் சித்திரக் கொப்பியின் சின்னத் தாளில் கீறியதால், தூரப்புள்ளி வெளியே போகாமலிருக்க அதை 7 செ.மீ.க்குக் கொண்டுவந்திருக்கிறார். அப்படிச் செய்தால் சுவரிலிருந்து 7 அடியில் இருந்து பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். ஐந்தாவது வரிசையே கண்மட்டத்துக்கு 14 செ.மீ. கீழே போய்விடும். புள்ளியை அசைக்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு தாளை செலோரேப் போட்டு ஒட்டி, புள்ளியை அதில் வையுங்கள்.

சீலிங் நடுவில் பான் (மின்விசிறி) வைக்கிறவர்கள் கவனிக்க: சீலிங்கில் இரண்டு மூலைவிட்டம் கீறி வெட்டும் இடத்தை எடுத்தால், அது படத்தில் தெரிகிற 7 அடியின் நடு. 15 அடி அறையின் நடு ஏழரை அடியில் இருக்கிறது, சட்டத்துக்கு வெளியே.

பாயில் இருந்து

படத்தைப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அளவு எல்லாம் சரி என்றார். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா இது நான் பாத்த ஹோல் இல்லையடா. ஆரோ வந்த ஆக்கள் கதிரையில இருந்து பாத்தமாதிரிக் கிடக்கு. நாங்கள் பாயிலயெல்லோ இருக்கிறனாங்கள்" என்றார்.

பாயில் இருந்தால் கண் இரண்டரை அடி. அதனால் இரண்டாவது தாளில் கண்மட்டத்தை அடியிலிருந்து 6.5 செ.மீ.யில் வைத்தேன், எதிர்ச்சுவரின் அடி அதற்கு 2.5 செ.மீ. கீழே, மேல்விளிம்பு 6.5 செ.மீ. மேலே. தூரப்புள்ளி அதே 14. வெளிச்சட்டமும் அதே இடம். தரை நன்றாகப் படுத்துவிடும், முதல் வரிசை 2 மில்லிமீற்றர்கூட வராது, பென்சிலைக் கூராகச் சீவுங்கள். மேசையின் உயரமும் கண்ணின் உயரமும் ஒன்று என்பதால் மேற்பலகை வெறும் கோடாகிவிடும். அதற்குப் பதிலாக மேசைக்குக் கீழே உள்ள இடம் முழுவதும் திறந்து தெரியும்.

இந்தப் படத்தைப் பார்த்த உடனே பெரியம்மா கேட்டது அந்த இடத்தைத்தான்: மேசைக்குக் கீழே அம்மம்மா வைக்கிற பனங்கட்டிக் குட்டான், அந்தச் சின்ன ஓலைப்பெட்டி, எங்கே என்று. இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் இடையில், சுவரோடு ஒட்டின கட்டத்தில், இப்போது அதைக் கீறிக்கொண்டிருக்கிறேன்.