கிறிஸ்துமஸ்னு வாய் நிறைய சொல்லுங்க, பக்கத்து வீட்டு பண்டிகையையும் பேர் சொல்லியே கூப்பிடுங்க

டிசம்பர் 20 தாண்டுச்சுன்னா ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில் வரும், சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்னு பெருசா போட்டு ஒரு பனிமனுஷன் படம். பாளையங்கோட்டையில பனின்னா காலையில கோலம் போடுற ஆச்சி தலையில துண்ட சுத்திக்கிட்டு நிப்பாங்கள்லா, அம்புட்டுதான். கிறிஸ்துமஸ்னு எழுதுனா மத்தவங்க மனசு கஷ்டப்படுமோன்னு பயந்து பேரையே எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல இது பெரிய சண்டையாம், மெரி கிறிஸ்துமஸா ஹேப்பி ஹாலிடேஸான்னு. ஹாலிடேங்குற வார்த்தையே ஹோலி டேயில இருந்து, அதாவது புனித நாள்ங்குறதுல இருந்து வந்ததுதான், அது தெரிஞ்சா அவங்க அதையும் எடுத்துருவாங்களோ என்னமோ.

நம்ம பக்கம் அந்த பயம் தேவையில்லன்னு சொல்லத்தான் இத எழுதுதேன். கிளாரிந்தாங்குற அம்மா பாளையங்கோட்டையில கோயில், அதாவது சர்ச் கட்டுனது 1785ல, கிறிஸ்தவங்களுக்குன்னே முதலூர்னு ஒரு ஊர் உண்டானது 1799ல, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துல 1826ல. 200 வருஷத்துக்கு மேல இந்த ஊர் கேட்டு பழகுன வாழ்த்து இது. எங்க தெருவுல ஸ்டார் தொங்குற வீட்டுக்கு அடுத்த வாசல்ல மார்கழி கோலத்துல பூசணிப்பூ வச்சிருக்கும், ஒரு ஆளும் இத எடு அத எடுன்னு சொன்னதில்ல.

அதனால சபைக்கு வெளியில உள்ளவங்ககிட்ட நேரா கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்னே சொல்லுங்க. நம்ம சபை ஆளுங்ககிட்ட கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகள், ஸ்தோத்திரம் எல்லாம் சரி, ஆனா மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட போயி ஸ்தோத்திரம்னா அவரு என்ன பதில் சொல்லணும்னு தெரியாம முழிப்பாரு. அவரே முந்திக்கிட்டு ஹேப்பி கிறிஸ்துமஸ்னு சொன்னா சேம் டு யூன்னு சொல்லிட்டு பைய தூக்கிட்டு வராதீங்க, ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி, வீட்டுக்கு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்புறம் நம்மள்லயே பெந்தெகொஸ்தே சபைங்க சிலதுல கிறிஸ்துமஸ் கொண்டாடமாட்டாங்க, அவங்ககிட்ட போயி வாழ்த்து சொல்லி, பதிலுக்கு அரைமணி நேரம் வேதபாடம் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு, பாத்துக்கோங்க.

இதுல அடுத்த பாதிதான் நிறைய பேரு மறக்குறது. நம்ம பண்டிகைய பேர் சொல்லி வாழ்த்தணும்னு கேக்குற நாம, அவங்க பண்டிகைக்கு வெறும் வணக்கம் இமோஜி போட்டு தப்பிக்கக் கூடாது. தீபாவளின்னா தீபாவளி வாழ்த்துகள். ரம்ஜான்னா நோன்பு பெருநாள் வாழ்த்து, பக்ரீத்னா ஹஜ்ஜு பெருநாள் வாழ்த்து, மேலப்பாளையம் பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க, சொல்லிப் பாருங்க மொகம் எப்படி மாறுதுன்னு. எல்லா நாளும் ஹேப்பி போடுற நாளும் இல்ல. மொஹரம் பத்தாம் நாள் நிறைய முஸ்லிம் வீடுகள்ல நோன்பு, கர்பலாவுல நபியோட பேரன் ஹுசைன் கொல்லப்பட்டத நினைக்குற நாளு, அதுக்கு ஹேப்பி மொஹரம்னு பலூன் படம் அனுப்பாதீங்க. நமக்கும் பெரிய வெள்ளி அன்னைக்கு காலையில ஹேப்பி குட் ஃப்ரைடேன்னு மெசேஜ் வருமே, கோவிச்சுக்க முடியுமா, பாசத்துல அனுப்புறாங்க, ஆனா ஒரு மாதிரி இருக்கும்லா, அதேதான். ஊர்ல கொடைன்னா, அதாவது அம்மன், சாமி கோயில் திருவிழான்னா, ஹேப்பி கொடைன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க, எப்ப வந்த, சாப்ட்டியான்னு கேக்குறதுதான் அங்க வாழ்த்து. தேதி தெரியலன்னு சாக்கு சொல்லாதீங்க, தினசரி காலண்டர்ல மூணு மத பண்டிகையும் ஒரே தாள்ல போட்டிருக்கான், கிழிக்கும்போது கீழ உள்ளதையும் வாசிங்க.

இனி பலகாரத்துக்கு வருவோம், எங்க பக்கம் வாழ்த்துன்னா பாதி வாயில, மீதி தூக்குச்சட்டியில. அம்மா கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடியே முந்திரிக்கொத்துக்கு உக்காந்துருவாங்க. சிறுபயற வறுத்து திரிச்சு, தேங்காய வறுத்து, பாகு காய்ச்சி, ஏலக்காய் சுக்கு போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள கை பொறுக்க உருட்டணும், ஆறிட்டுன்னா உதிந்துரும். அப்புறம் மாவுல முக்கி மூணு மூணா சேத்து எண்ணெயில விடணும். பேர்ல முந்திரி இருக்கு, உள்ள ஒரு முந்திரிப்பருப்பு கூட கிடையாது. ஆனா அதுல முட்டையும் கிடையாது, அதுதான் விஷயம்.

ஏன் சொல்லுதேன்னா கிறிஸ்துமஸ் வர்றது மார்கழி நடுவுல, மண்டல பூஜை நெருங்குற நேரம், தெருவுக்கு நாலு பேரு சபரிமலைக்கு மாலை போட்டிருப்பாங்க. வைகுண்ட ஏகாதசியும் திருவாதிரையும் நிறைய வருஷம் அத ஒட்டியே வரும், 2023ல 23ஆம் தேதி ஏகாதசி, 27 திருவாதிரை. நான் ஒரு வருஷம் யோசிக்காம பேக்கரி பிளம் கேக்க வெட்டி எதிர்வீட்டுக்கு கொண்டு போயிட்டேன், அந்த அண்ணன் மாலை போட்டிருந்தாரு. கேக்க வாங்கவும் முடியாம வேண்டாம்னு சொல்லவும் முடியாம அவரு நின்ன நிலை இருக்கே, கடைசியில அவங்க அம்மாதான் வந்து புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து திங்கும்னு வாங்கி வச்சாங்க, ஸ்கூல் லீவுங்குறத ரெண்டு பேரும் கண்டுக்கல. அதுல இருந்து எங்க வீட்ல ரூல், மார்கழியில இந்து வீடுகளுக்கு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், அதுவும் கறி பொரிக்காத புது எண்ணெயில சுட்டது. முஸ்லிம் வீட்டுக்கு கேக் கொடுக்கணும்னா ரம்முல பழம் ஊறப்போடாத கேக்கான்னு பேக்கரியில கேட்டு வாங்குங்க, சாப்பிட கூப்பிடுதீங்கன்னா கறிய பாய் கடையிலயே எடுத்துருங்க.

பிரசாதம் விஷயத்த பேசாம விட முடியாது. நம்ம வீடுகள்ல நிறைய பேரு படைச்சத சாப்பிடமாட்டாங்க. சாப்பிடுறதும் சாப்பிடாததும் உங்க மனசாட்சி, நான் தீர்ப்பு சொல்லல. ஆனா சிரிச்சு வாங்கிட்டு வந்து தெருமுனையில குப்பையில போடுற வேலைய மட்டும் செய்யாதீங்க, அது ரெண்டு பக்கமும் கெட்ட வேலை. ஆச்சி, நாங்க படைச்சத சாப்பிடமாட்டோம், தப்பா நினைக்காதீங்கன்னு ஒரு தடவ மொகத்துக்கு நேரா சொல்லிட்டா போதும். எங்க பக்கத்து வீட்டு ஆச்சி சரஸ்வதி பூஜைக்கு சுண்டல் கொண்டு வரும்போதே, இது சாமி கும்புடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சது தாயீன்னு சொல்லித்தான் கொடுப்பாங்க. அவங்களுக்கு அத யாரும் பாடம் எடுக்கல. பாத்திரத்த வெறுமையா திருப்பி அனுப்பாதீங்க, ஒண்ணும் இல்லன்னா ரெண்டு கை சீனி போட்டு அனுப்புங்க.

இன்னொன்னு, நம்ம ஆளுங்க சிலருக்கு கசக்கும். பலகார கவருக்குள்ள மதம் பரப்புற கைப்பிரதி வைக்காதீங்க. கார்டுல லூக்கா 2:14 போடலாம், அது அந்த நாளோட வசனம், வாங்குறவங்களும் எதிர்பாக்குறதுதான். ஆனா முறுக்க எடுத்தா அடியில மனந்திரும்புன்னு ஒரு தாள் வந்தா, இவன் முறுக்க எதுக்கு கொடுத்தான்னு ஒரு யோசனை வருமா இல்லையா. ஊழியம் வேற, வாழ்த்து வேற. தீபாவளி அதிரசத்துக்கு அடியில அவங்க ஒரு தாள் வச்சு அனுப்புனா நமக்கு எப்படி இருக்கும்.

கேரல் ரவுண்ட்ஸ் போறவங்களுக்கு: மைக்க தெருமுனையிலயே குறைங்க, பரீட்சைக்கு படிக்கிற புள்ளையும் பிபி மாத்திர போட்டு படுத்த ஆளும் எல்லா மதத்துலயும் இருக்காங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த தெருவுல துட்டி வீடு, அதாவது சாவு நடந்த வீடு இருக்கான்னு விசாரிங்க, இருந்தா அந்த வாசல்ல டிரம் வேண்டாம். துட்டி நடந்த வருஷம் அவங்க எந்த பண்டிகையும் எடுக்கமாட்டாங்க, அங்க ஹேப்பி எதுவும் சொல்லாம சும்மா போயி பத்து நிமிஷம் உக்காந்துட்டு வாங்க.

2023ல எப்படின்னா, டிசம்பர் 17, 18 மழையில தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஒரு வாரத்துல கிறிஸ்துமஸ். அந்த வருஷம் நாங்க சுட்டது எல்லாம் அரிசி பருப்பு பாக்கெட்டோட சேந்து போச்சு, வாங்குனவங்க எந்த சாமி கும்புடுறவங்கன்னு யாரு கேட்டா. ஹேப்பின்னு சொல்ல வாய் வரல, கிறிஸ்துமஸ்லா, வச்சுக்கோங்க மதினின்னு சொல்லி கொடுத்தோம்.

கடைசியா நேரம். 2000 டிசம்பர்ல நோன்பும் கிறிஸ்துமஸும் ஒண்ணா வந்துச்சு, நான் அப்ப சின்னப்பையன். அப்பா கூட வேலை பாத்த மேலப்பாளையத்து மாமா வீட்டுக்கு காலையில பதினோரு மணிக்கு டப்பாவோட போயி, திங்குங்க மாமா, இப்பவே ஒண்ணு திங்குங்கன்னு அடம் பிடிச்சிருக்கேன். அவரு டப்பாவ வாங்கி அலமாரியில மேல் தட்டுல வச்சுட்டு, நோன்பு தொறந்த உடனே மொதல்ல இததான் எடுப்பேன்னாரு. சாயங்காலம் அதே டப்பா கழுவி வந்துச்சு, கூடவே ஒரு வாளி நோன்புக் கஞ்சி. பெருநாள் வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடி நகரும், சுத்தி வந்து 2030 கடைசியில நோன்பு மறுபடியும் கிறிஸ்துமஸ ஒட்டி ஆரம்பிக்கும். அப்ப பலகாரத்த, நோன்பு தொறக்குற மஃரிப் பாங்கு சாயங்காலம் சொல்றதுக்கு அரைமணி முன்னாடி கொண்டு போயி கொடுத்துட்டு, உக்காரச் சொன்னாலும் உக்காராம வந்துருங்க, அவங்களுக்கு அந்த நேரம் அடுப்பு வேலை கிடக்கும்.