ஒரு தாள், ஒரு பிடி சிந்தி: முதல் துணிப் புத்தகம்

தாராவியில் தையல் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் நடந்தால் வாசலோரம் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பம்பாயில் அதற்குச் ‘சிந்தி’ என்று பெயர். முதல் தடவை ஒரு பட்டறையில் போய்க் கேட்டபோது அங்கிருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, “தலகாணிக்கா?” என்றார். “இல்ல அண்ணாச்சி, புத்தகம் செய்ய” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எடுத்துக்கோங்க. பாலியஸ்டர் மட்டும் வேண்டாம், பசை புடிக்காது” என்றார். வீட்டுக்கு வந்து மைதாப் பசையோடு செய்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

தாள், துணி, மடிப்பு, தையல் எல்லாம் சேர்ந்து பேசும் புத்தகத்தைக் கலைஞர் புத்தகம் (artist's book) என்கிறார்கள். அதில் ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் இருக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வழக்கமாக, உதிரித் துண்டுகளில் ஆசை தீர சோதனை செய்துவிட்டு, ‘நல்ல’ புத்தகம் என்று உட்காரும்போது கை நடுங்கி நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். அதனால் இங்கே சோதனைத் துண்டுகளையே பக்கங்களாக வைத்துத் தைக்கப் போகிறோம். கோணலாக வந்தாலும் அது புத்தகத்துக்குள் போகும்.

வாங்க வேண்டியவை

கைக்காகிதம், அதாவது கையால் செய்த தாள், ஒரே ஒரு பெரிய தாள் போதும்: 22 x 30 அங்குலம், 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்து அப்துல் ரஹ்மான் தெருவில் தாள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுத் துணிதான் வேண்டுமென்றால் மங்கல்தாஸ் மார்க்கெட்டும் நடக்கிற தூரம்தான். மல் துணி, வாயில் (voile) துணி, காடாத் துணி, பழைய சுங்குடிப் புடவையின் கிழிந்த பகுதி என்று பருத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பட்டத் தாள் இரண்டு, கெட்டி நூல், மெழுகுவர்த்தி, செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசி, கட்டர், இரும்பு ஸ்கேல். மடிப்பைத் தேய்க்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், சமையலறைக் கரண்டியின் முதுகு போதும்.

கலப்படத் துணியா என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, தாள் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பருத்தியில் தாள் வாசனை வருவதில் ஆச்சரியமில்லை, இரண்டுமே செல்லுலோஸ்தான். நாம் வாங்கும் கைக்காகிதமே பெரும்பாலும் பருத்திக் கழிவைக் கூழாக்கிச் செய்வது. 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வர்தாவிலிருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அந்தச் சங்கம் கைதூக்கிவிட்ட தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று.

பசை காய்ச்சுவது

ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியை ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். தோசை மாவைவிடத் தளர்ந்துவிட்டால் துணி வழியாக ஊறி முன்பக்கம் கறையாகும். பழைய பைண்டர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரம் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

தாளைக் கிழிப்பது

கத்தரிக்க வேண்டாம், கிழிக்கலாம். 30 அங்குலப் பக்கத்தை இரண்டாக மடித்து, மடிப்பைக் கரண்டியால் தேய்த்து, ஈரத் தூரிகையை அதன் மேல் ஒரு முறை ஓட்டி, ஸ்கேலை அழுத்தி இழுங்கள். ஓரம் நார் பிரிந்து பஞ்சு போல் நிற்கும், துணியின் ஓரத்தோடு நன்றாகப் பொருந்தும். அப்படியே இன்னொரு முறை, பிறகு 22 அங்குலப் பக்கத்தை ஒரு முறை. 7½ x 11 அங்குலத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் 5½ அங்குல அகலத்துக்கு மடியுங்கள்.

மெஷின் தாளில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும், அந்தத் திசை புத்தகத்தின் முதுகுக்கு, அதாவது நடு மடிப்புக்கு, இணையாக வராவிட்டால் பக்கங்கள் அலை அலையாக நிற்கும். கைக்காகிதத்தில் நார்கள் நாலாபக்கமும் சிதறிக் கிடப்பதால் அந்தத் தலைவலி மிகவும் குறைவு. ஆனால் துணிக்குத் திசை உண்டு. பாவு நூல், அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல், முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். சிந்தியில் கரை இருக்காதே, பாவை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். குறைவாக இளகுகிற பக்கம்தான் பாவு.

சோதனைகள்

ஒட்டுவதில் தொடங்குவோம். பசையைத் தாளில் தடவுங்கள், துணியில் தடவினால் அது இழுபட்டுக் கோணும். மேலே மல் துணியை வைத்து நடுவிலிருந்து வெளியே நீவிவிடுங்கள். நடு மடிப்பின் இரு பக்கமும் அரை அங்குலம் துணி இல்லாமல் விடுவது முக்கியம். நான் முதலில் ஒட்டிய பக்கம் மறுநாள் பொரித்த அப்பளம் போல் சுருண்டு கிடந்தது. ஈரத்தில் விரிந்த பொருள் காயும்போது சுருங்கி, ஒட்டிய பக்கமாகவே தாளை இழுக்கும். இதற்கு மருந்து எளிது. பின்பக்கமும் ஒரு துணியோ மெல்லிய தாளோ ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகும். சுருண்ட பக்கத்தை நான் எறியவில்லை, அது அப்படியே புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்து, பசையே இல்லாமல் தைத்துப் பாருங்கள். தாளின் அடியில் தெர்மாகோல் வைத்து, ஊசியால் முதலில் துளைகளைக் குத்திக்கொண்டு பிறகு நூல் ஓட்டுங்கள். துளைகளுக்கு இடையே ஐந்து மில்லிமீட்டராவது இருக்கட்டும். நெருக்கிக் குத்தினால் தபால்தலை போல் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னல். பக்கத்தில் சின்னச் சதுரம் வெட்டியெடுத்து, அதற்குப் பின்னால் வாயில் துணி ஒட்டினால் அடுத்த பக்கம் மங்கலாகத் தெரியும். பக்கத்தைத் தூக்கும்போது அடியில் இருக்கிற நிறம் மெல்ல விலகும். ஒரு புத்தகத்தில் மூன்று ஜன்னல் போதும் என்பது என் கருத்து, அதற்கு மேல் போனால் வித்தை காட்டுவது போல் ஆகிவிடும்.

சோற்றுக்கஞ்சியில் தோய்த்த மல் துணியைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்து உரித்தால் அது தாளே இல்லாத ஒரு பக்கம், அதையும் 7½ x 11-க்கு வெட்டிக்கொள்ளலாம். டீ டிகாஷனில் துணியையும் தாளையும் சேர்த்து ஊறப்போட்டால் இரண்டும் ஒரே நிறத்துக்கு வராது. அந்த வித்தியாசத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பாருங்கள்.

அட்டைத் துணி

வெறும் துணியில் பசை தடவி அட்டை செய்தால் கறை நிச்சயம். துணிக்குப் பின்னால் மெல்லிய தாள் கொடுத்துப் புத்தகத் துணியாக மாற்ற வேண்டும். சுத்தமான கண்ணாடியிலோ கடப்பா மேடையிலோ 9 x 13 அங்குலத் துணியை முகம் கீழாக விரித்து, தண்ணீர் தெளித்து, இழைகள் நேராக நிற்கும்படி நீவுங்கள். அதைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் பெரிய பட்டத் தாளில் பசை தடவி, துணி மேல் இறக்குங்கள். வெளியே நீளும் தாள் ஓரம் மேடையில் ஒட்டிக்கொண்டு, காயும்போது முழுவதையும் மிருதங்கத் தோல் போல் இழுத்துப் பிடிக்கும். ஒரு மூலையில் சின்னத் தாள் துண்டைச் செருகி வையுங்கள், பிறகு ஸ்கேலை நுழைத்துக் கிளப்ப அதுதான் வாசல்.

பட்டத் தாள் வெள்ளையாக இருக்கட்டும். சங்கராந்திக்கு மிஞ்சிய சிவப்புத் தாளை நான் ஒருமுறை பயன்படுத்தி, வெள்ளை மல்லை ரோஜாப்பூ நிறத்தில் எடுத்தேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பம்பாய் மழையில் இது ஒரே நாளில் காயாது. ஃபேன் அடியில் இரண்டு நாள் விடுங்கள். ஒட்டிய பக்கங்களையும் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். எங்கள் வீட்டில் பாரத்துக்கு டேபிள் டாப் கிரைண்டரின் குழவிகள்.

தைப்பது

எட்டில் ஆறை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். தடித்தவையும் வெறும் தாளும் மாறி மாறி வரட்டும். துணி சேர்ந்ததால் புத்தகம் வாய் திறந்து நிற்கும். அது பிடிக்கவில்லையென்றால் ஒரு அங்குல அகலத் தாள் பட்டைகளை நீளவாக்கில் மடித்து நடு மடிப்பில் சேர்த்துத் தையுங்கள், முதுகும் தடித்துச் சமமாகும். நான் வாய் திறந்தபடியே விட்டிருக்கிறேன். அட்டைத் துணியை 8 x 12-க்கு வெட்டி, மடித்து வெளியே சுற்றுங்கள்.

தடித்த பழைய புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து, அந்தப் பள்ளத்தில் அட்டையோடு தாள் அடுக்கை வைத்து மடிப்பில் மூன்று துளை குத்துங்கள்: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலத்தில். புத்தக உயரத்தைப் போல் மூன்று மடங்கு நூலை மெழுகில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே வாருங்கள், நாலு அங்குல வால் உள்ளே நிற்கட்டும். மேல் துளை வழியாக உள்ளே போங்கள். நடுத் துளையைத் தாண்டி நேரே கீழ்த் துளை வழியாக வெளியே. மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே, முதல் நூலை ஊசி குத்திவிடாமல். இப்போது இரண்டு நுனிகளும் நீண்ட தையலின் இரு பக்கத்தில் இருக்கின்றனவா? மடிப்பின் திசையில் இழுத்து இறுக்கி, அந்தத் தையலைக் கட்டியபடி இரட்டை முடிச்சுப் போடுங்கள். குறுக்காக இழுத்தால் தாள் கிழியும்.

முடிந்ததும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கங்களைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் துணியை இரண்டு விரலால் தடவி, “இது சட்டைக்கு வெட்டுன வாயில் துணி, கை வளைவுத் துண்டு” என்றார்.

கடைசியாக அட்டையின் நீட்டலை ஸ்கேல் வைத்து வெட்டிவிடுங்கள். மைதாவும் கஞ்சியும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து, அதனால் அலமாரியில் பக்கத்திலேயே ஒரு துண்டு வசம்பு போட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து புரட்டுங்கள். மிஞ்சிய இரண்டு தாள்களில் ஒன்று டீயில் ஊறட்டும்.