எடை குறைக்கத் தனிச் சமையல் வேண்டாம்: செட்டிநாட்டு அடுப்படியில், கையிருப்புக் காசில்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது ஓட்ஸும் கிரீன் டீயும். பத்து நாளில் நாக்கு அலுத்துவிடும், மாசக் கடைசியில் கையைக் கடிக்கும். நம் வீடுகளில் உடம்பை ஏற்றுவது சோற்றின் அளவு, எண்ணெய், டின்னில் இருக்கும் பலகாரம், இந்த மூன்றும்தான். இவற்றைக் குறைத்தால் செலவும் சேர்ந்தே குறையும். மிச்சமாகும் காசில் பயறும் முட்டையும் காயும் வாங்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிற தாய்மாரும் இப்போது எடை குறைக்க வேண்டாம்.

படி 1: அளந்து பாருங்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். இடுப்பை டேப்பால் தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் அளந்து எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் குறைக்க வேண்டிய உடம்பு. எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் ஏறி இறங்குவதுதான் தெரியும்.

வீட்டில் அரிசி அளக்கும் ஆழாக்கை எடுத்துப்போய் மளிகைக்கடைத் தராசில் ஒரு ஆழாக்கு அரிசியை நிறுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 140 கிராம் இருக்கும். அதில் சுமார் 490 கலோரி. மத்தியானம் ஒரே ஆளுக்கு ஒன்றரை ஆழாக்குச் சோறு போகிற வீடுகள் நிறைய உண்டு. அந்த ஒரு வேளையே 700 கலோரியைத் தாண்டிவிடும், குழம்பும் கூட்டும் தனி.

படி 2: எண்ணெயை மாசக் கணக்கில் பிடியுங்கள்

இதுதான் பெரிய வேலை. இதைச் சரியாகச் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கரண்டிக்கணக்குப் பார்த்து யாராலும் தாளிக்க முடியாது. மாசம் பிறந்ததும் ஆளுக்கு அரை லிட்டர் வீதம், நாலு பேருக்கு இரண்டு லிட்டர் எண்ணெயைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். அந்த மாசத்துக்கு அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு லிட்டர் செலவாகும் வீட்டில் இதைச் செய்தால் ஒருவருக்கு மாசம் 4,000 கலோரிக்கு மேல் குறையும். ஏறத்தாழ அரை கிலோ கொழுப்புக்கு அது சமம். வேறெதையும் தொடாமலே இது நடக்கும்.

மரச்செக்கு எண்ணெய் என்றால் ஏறாது என்ற நம்பிக்கை தவறு. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ரேஷன் பாமாயிலோ, எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். வாசத்துக்கு நல்லெண்ணெய் வேண்டுமென்றால் கொஞ்சமாக வாங்கித் தாளிக்க மட்டும் வையுங்கள்.

கெட்டிக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மிதந்தால்தான் பதம் என்று பழகிவிட்டோம். வதக்கும்போது இரண்டு தேக்கரண்டி மட்டும் ஊற்றி, உப்பைத் தூவி மூடி வையுங்கள். வெங்காயமும் தக்காளியும் தங்கள் தண்ணீரிலேயே வெந்துவிடும். அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள்.

தேங்காயையும் இதே கணக்கில் சேருங்கள். நூறு கிராம் துருவலில் 350 கலோரிக்கு மேல் உண்டு. வாரம் இரண்டு நாள் மட்டும் தேங்காய் அரைத்த குழம்பு போதும்.

படி 3: மற்ற நாட்களுக்கு மண்டி

மண்டி என்கிற கழுநீர்க் குழம்பு நம் ஊர்ச் சமையலின் கெட்டிக்காரத்தனம். அரிசி கழுவிய கழுநீரில் இருக்கும் மாவுதான் குழம்பைத் தடிமனாக்குகிறது, தேங்காயே வேண்டாம். நாலு பேருக்கு:

வெண்டைக்காய் கால் கிலோ, காய்ந்த மொச்சை 100 கிராம், சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், பச்சைமிளகாய் நாலு, சிறு எலுமிச்சை அளவு புளி, கழுநீர் மூன்று டம்ளர், எண்ணெய் மூன்று தேக்கரண்டி.

மொச்சையை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் உப்பு மட்டும் சேர்த்துத் தனியாக வேகவையுங்கள். அரிசியின் முதல் கழுவலில் தூசி இருக்கும், கொட்டிவிடுங்கள். இரண்டாவது கழுவல்தான் வேண்டும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகு நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பிசுபிசுப்பு போகும்வரை வதக்கித் தனியே வையுங்கள். மீதி எண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து வெங்காயம், பூண்டு, மிளகாயை வதக்குங்கள். அதில் கழுநீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மொச்சையும் வெண்டைக்காயும் சேர்த்து, கடைசியில் புளிக்கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் வற்றவிடுங்கள்.

கெட்டுப்போகிற இடம் புளிதான். வேகாத மொச்சையோடு புளியைச் சேர்த்தால் எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே நிற்கும். நீர்த்துப் போனால் கழுநீர் மெல்லியது என்று பொருள். அடுத்தமுறை அரிசியைக் குறைந்த தண்ணீரில் நன்றாகக் கசக்கிக் கழுவுங்கள்.

படி 4: தட்டை மாற்றுங்கள்

அளந்து முடித்த வாரத்துக்குப் பிறகு, முதல் இரண்டு வாரம் மத்தியானத்துக்கு ஆளுக்கு ஒரு ஆழாக்கு அரிசி. பிறகு முக்கால், அதன்பின் அரை. ஒரேயடியாக அரைக்கு இறங்கினால் நாலு மணிக்கே கை பலகார டின்னுக்குப் போகும்.

குறைந்த சோற்றின் இடத்தைக் காயும் பயறும் நிரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் பட்டினி கிடப்பவர்கள்தான் ஒரு மாசத்தில் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஒரு கிண்ணம் கீரை அல்லது காய்த் துவட்டல் (பொரியல்), அடுத்து பயறு, அதன்பின் சோறு என்ற வரிசையில் சாப்பிடுங்கள். சந்தை கலைகிற நேரத்தில் போனால் சுரைக்காய், பூசணி, முள்ளங்கி மலிவாகக் கிடைக்கும். முருங்கைக்கீரை பெரும்பாலும் கொல்லையிலேயே நிற்கும்.

பயறில் கொள்ளுக்கு முதலிடம். நூறு கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம், விலையும் துவரம்பருப்பைவிடக் குறைவு. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதெல்லாம் மிகை. வயிறு நிறைந்து பசி தள்ளிப்போகிறது, அதுவே அதன் பயன். ஆளுக்கு 50 கிராம் எடுத்து எட்டு மணிநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பூண்டும் பெருங்காயமும் சேர்த்துக் குக்கரில் ஆறு விசில் விடுங்கள். ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைத்தால் வாயு தொல்லை அதிகம். வெந்த தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளு துவையலுக்கு அல்லது சுண்டலுக்கு.

ரேஷனில் மாசம் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள். வாரம் நாலைந்து முட்டை, தொண்டிப் பக்கமிருந்து வரும் மத்தி, நெத்திலி போதும். மீனைக் குழம்பாக வையுங்கள், பொரித்தால் எண்ணெய்க் கணக்கு உடைந்துவிடும்.

காலையில் மூன்று இட்லி, இரவில் இரண்டு கேழ்வரகு தோசை அல்லது மூன்று இடியாப்பம், இரண்டு வேளையும் கொஞ்சம் பயறு அல்லது ஒரு முட்டை. ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

படி 5: இனிப்பும் பலகாரமும்

மாவுருண்டை பாசிப்பருப்பில் செய்தது, கவுனியரிசி கறுப்பரிசி, கருப்பட்டி நாட்டுப் பொருள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். உருண்டை பிடிப்பது நெய்யும் சீனியும் சேர்ந்துதான். கவுனியில் நார்ச்சத்து உண்டு, ஆனால் நாம் சீனியும் தேங்காயும் போட்டல்லவா சாப்பிடுகிறோம்? கருப்பட்டியிலும் கலோரி சீனிக்கு நெருக்கம்தான். விசேஷ நாளில் ஒன்று சாப்பிடுங்கள், டின்னில் சேமிக்க வேண்டாம்.

மூன்று வேளை டீக்கு இரண்டிரண்டு கரண்டி சீனி என்றால் மாசம் கிட்டத்தட்ட ஒரு கிலோ சீனி. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

எங்கே தடுக்கும்

குறைக்கத் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அது பெரும்பாலும் தண்ணீர். பிறகு வாரம் கால் முதல் அரை கிலோ போனாலே நல்லது. நாலு வாரம் எடையும் இடுப்பும் அசையாவிட்டால் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பாருங்கள். இருபதாம் தேதிக்கே காலியாகியிருக்கும், இல்லையென்றால் ஆழாக்கு குவித்து அளக்கப்படும். தலைதட்டி அளக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் இலையைத் தவிர்க்க முடியாது. அன்று காலையில் பட்டினி கிடக்காமல் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் காய்களை முதலில் முடித்து, இனிப்பு ஒன்று, இரண்டாம் சோற்றுக்குக் கையை மறித்துவிடுங்கள். வீட்டில் அப்பத்தா பரிமாறினால் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. தட்டில் சோறு குறைந்தால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். அந்தக் கரண்டியில் கீரையை அள்ளி வைக்கச் சொல்லுங்கள்.