ஹிமாலயன் 450-இல் கால் எட்டவில்லையா? இந்த வரிசையில் செய்து பாருங்கள்

ஷோரூமில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் மீது ஏறி உட்கார்ந்து, கால் நுனிதான் தரையில் படுகிறது என்று ஆசையை விட்டுவிடுபவர்கள் நிறைய. சீட் உயரம் 825 மி.மீ., எடை 196 கிலோ, பயம் நியாயம்தான். ஆனால் இரண்டு பாதமும் முழுசாகப் பதியத் தேவையில்லை, ஒன்று உறுதியாக ஊன்றினால் போதும். செலவில்லாத, பழையபடி மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைகளை முதலில் செய்யுங்கள்.

படி 1: ஒற்றைக் கால் பழக்கம்

காலி மைதானத்தில் பழகுங்கள். வண்டி நிற்கப்போகும்போது வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தி இடது பாதத்தை ஊன்றுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது கடைசி நொடியில் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், வண்டி சட்டென்று சாய்ந்துவிடும். நம் சாலைகளின் இடது ஓரம் சரிவாக இருக்கும், அங்கே கால் இன்னும் கீழே இறங்க வேண்டும். சற்று உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

படி 2: பின் ஷாக்கின் ப்ரீலோட்

ஆள் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் ப்ரீலோட். பலரும் தொடாமல் விடுவது இதைத்தான். ஒல்லியானவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் போதுமான அளவு அமுங்காது, அதனால் வண்டி தேவைக்கு மேல் உயரமாக நிற்கும்.

பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியை இறக்கி, ரைடிங் உடையோடு உட்கார்ந்து, நண்பரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷன் பயணத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரம்) மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். இந்த வண்டியில் பயணம் 200 மி.மீ., ஆகவே சுமார் 60. உங்களுக்கு 40-தான் வருகிறது என்றால், ப்ரீலோடைத் தளர்த்தினால் ஏறக்குறைய 20 மி.மீ. இலவசமாகக் கிடைக்கும். பின்னால் ஆள் ஏறினால் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: சீட்

சீட்டை 825, 845 என இரண்டு உயரங்களில் பொருத்தலாம். உங்களுடையது கீழ்நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியே தரும் தாழ்ந்த சீட் 805 வரை இறக்கும். சீட் தைப்பவரிடம் போனால், நுரையை மேலே வெட்டுவதைவிட முன்பகுதியின் இரு ஓரங்களையும் ஒடுக்கச் சொல்லுங்கள். தொடை அகலாமல் நேராக இறங்கினாலே கால் நன்றாக எட்டும். மேல் நுரையை அதிகம் வெட்டினால் நீண்ட பயணத்தில் இடுப்புதான் பதில் சொல்லும்.

பூட்ஸுக்குத் தடித்த சோல் இருந்தால் அதுவும் உதவும்.

படி 4: லோயரிங் லிங்க்

பின் ஷாக்கோடு இணைந்த லிங்க்குக்குப் பதிலாகப் போட்டு, வண்டியின் பின்பக்கத்தை இறக்கும் பாகம் இது. மேலே சொன்ன எதுவும் போதாவிட்டால் மட்டும் இதற்குப் போங்கள். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஹேண்டில் மந்தமாகத் திரும்பும், ஹெட்லைட் மேலே பார்க்கும். அதனால் முன் ஃபோர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அதற்கேற்ப மேலே நகர்த்த வேண்டும். போல்ட்டுகளைச் சரியான அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக் இறுக்கட்டும்.

சைட் ஸ்டாண்டை மறந்துவிடாதீர்கள். வண்டி இறங்கியதும் ஸ்டாண்ட் நீளமாகிவிடும். வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும், லேசாகத் தட்டினாலும் வலப்பக்கம் விழும். ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் செய்து குறையுங்கள். ஓட்டுவதற்கு முன் ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, முன் டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். செயின் தளர்வையும் மறுபடி சரிபாருங்கள்.