கடையை வீடு மாதிரி வாடகைக்கு எடுக்காதீர்கள்

பன்னிரண்டு வருடத்துக்கு முன் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வாடகை ஒப்பந்தம் எப்படி எழுதினோம் தெரியுமா? வீட்டு வாடகைக்கென்று தயாராக அடித்து வைத்திருந்த முத்திரைத்தாள் ஒன்றை வாங்கினோம். அதில் 'வீடு' என்று வந்த இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டு 'கடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். "நம்ம ஆளுங்க நீங்க, எதுக்குங்க பெரிய பத்திரமெல்லாம்" என்றார் கட்டடக்காரர். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ராக், கண்ணாடிக் கதவு, த்ரீ ஃபேஸ் கரண்ட் என்று இரண்டரை லட்சம் போட்டேன். பதினோராவது மாதம் அவர் வாடகையை இரண்டு மடங்காகக் கேட்டார், முடியாவிட்டால் காலி செய்யுங்கள் என்றார். தாளை எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடிப்பது யார் செலவு என்று இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சில வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வருடத்துக்கு இரண்டு பேராவது இதே கதையோடு வருகிறார்கள். வீட்டைக் காலி செய்தால் சாமானை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். 'அஞ்சு ரோட்டுல திரும்பின உடனே இருக்குதே, அந்தக் கடை' என்று ஊர் சொல்கிற அடையாளத்தை எந்த டெம்போவில் ஏற்றுவது?

பதினோரு மாதக் கணக்கு

எல்லாரும் ஏன் 11 மாதம் போடுகிறார்கள்? 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்தக் காலம் எனக்கு உண்டு என்று கோர்ட்டில் காட்ட அந்தத் தாள் உதவாது. 11 மாதம் போட்டால் இந்தச் செலவு மிச்சம். கட்டடக்காரருக்கு இன்னொரு பயமும் உண்டு: ரொம்ப வருடம் விட்டால் கடை அவனுக்கே சொந்தமாகிவிடும் என்பது. அது வீண் பயம். வாடகைதாரர் உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே வந்தவர். வாடகை கொடுத்துக்கொண்டு முப்பது வருடம் இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான்.

மிச்சம் பிடிக்கும் தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வாடகை 20,000, அட்வான்ஸ் 2 லட்சம், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாடகை 7,20,000. அட்வான்ஸையும் சேர்த்தால் 9,20,000. முப்பது வருடத்துக்குட்பட்ட குத்தகைக்கு இங்கே முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் இன்னொரு 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். ஆக 18,400 ரூபாய். கடைக்குள் இரண்டரை லட்சத்துக்கு மரவேலை செய்கிறவர் இதை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. (நானும் அப்படித்தான் செய்தேன். அதனால்தான் சொல்கிறேன்.)

அப்புறம், 11 மாதம் போட்டால் எங்கேயும் பதிய வேண்டாம் என்பது இப்போது தமிழ்நாட்டில் சரியில்லை. 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் 2017-ம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வீடு மட்டுமல்ல, கடையும் அதில் அடக்கம். எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி இதைப் பார்க்கிறார். விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம். எழுத்து ஒப்பந்தம் போட ஒத்துவராமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும்.

இந்தப் பதிவும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வேறு வேறு. மூன்று வருடக் குத்தகைக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறவர் யார்?

செவ்வாய்ப்பேட்டை, சின்னக்கடை வீதி மாதிரிப் பழைய கடைத்தெருக்களில் இதுதான் பெரிய கண்ணி. கட்டடம் தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும். மூத்த மகன் வாடகை வாங்கிக்கொண்டிருப்பார், ஒப்பந்தமும் அவரே போடுவார். இரண்டு வருடம் கழித்து அவருடைய தங்கை, பாகம் பிரிக்கவே இல்லை, என்னைக் கேட்காமல் யார் விட்டது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். நீங்கள் யாருக்கு வாடகை கொடுப்பது? அண்ணனுக்குக் கொடுத்தால் தங்கை கேட்பார், தங்கைக்குக் கொடுத்தால் அண்ணன் ஷட்டரை இறக்குவார்.

கையெழுத்துக்கு முன்னால் கிரயப் பத்திர நகல், சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். பல வாரிசுகள் இருந்தால் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். அல்லது ஒருவருக்கு மற்றவர்கள் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கட்டும். வாடகை எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வில்லங்கச் சான்றை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், அடமானம். கட்டடத்தின் மேல் வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால், 2002-ம் வருட சர்ஃபாசி சட்டப்படி வங்கி நேரடியாகச் சொத்தைக் கையில் எடுக்கலாம். வங்கி நோட்டீஸ் கொடுத்த பிறகு அதன் எழுத்து அனுமதி இல்லாமல் உரிமையாளர் புதிதாகக் குத்தகைக்கு விட முடியாது. அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை அவர் தானாக விடக்கூடிய காலத்துக்கும் சொத்து மாற்றுச் சட்டம் மூன்று வருட எல்லை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லும் வாடகைதாரர் பதிவு செய்த பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. அங்கேயும் அந்த 18,400 ரூபாய்தான் வந்து நிற்கிறது. கடன் இருக்கிறது என்பதற்காகக் கடையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வங்கியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கட்டடத்தை விற்றுவிட்டால்? முறையான குத்தகை இருந்தால் வாங்குகிறவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். புது முதலாளி வந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை.

எதற்கு எடுக்கிறோம் என்பதை எழுதாமல் விடுவது

'வியாபாரத்துக்காக' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். துணிக்கடையும் வியாபாரம், வறுவல் கடையும் வியாபாரம். வறுவல் கடைக்குப் புகைக்கூண்டு வேண்டும், கழிவுநீர்க் குழாய் வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். இதற்கெல்லாம் அவர் ஒத்துழைப்பார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வையுங்கள்.

மீட்டரை மறக்காதீர்கள். ஜாகீர் அம்மாபாளையம், அழகாபுரம் மாதிரிப் பகுதிகளில் வீட்டின் முன்னறையை இடித்து ஷட்டர் வைத்த கடைகள் ஏராளம். கரண்ட் மட்டும் வீட்டு இணைப்பிலேயே ஓடும். பில் குறைவாக வருவது இருவருக்கும் இனிக்கும். மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் இது அங்கீகாரமற்ற பயன்பாடு. கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு. அதை யார் கட்டுவது என்று அப்போது சண்டை பிடிப்பதைவிட, வணிக இணைப்பாக மாற்றிய பிறகு அட்வான்ஸ் கொடுப்பது மேல்.

வாடகை 20,000 என்றால் 20,000 மட்டும்தானா?

என் தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடை வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நம் ஊர்க் கட்டடக்காரர்களில் பெரும்பாலோருக்கு வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாது, அவர்கள் ஜிஎஸ்டியில் பதிந்திருக்க மாட்டார்கள். 'ஓனருக்கு ஜிஎஸ்டி இல்லை, நமக்கும் இல்லை' என்றுதான் நினைத்திருந்தோம். 2024 அக்டோபர் 10 முதல் அது மாறிவிட்டது. உரிமையாளர் பதியாதவர், வாடகைதாரர் பதிந்தவர் என்றால் அந்த 18 சதவீதத்தை வாடகைதாரரே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். 20,000 வாடகைக்கு மாதம் 3,600. இதை ரொக்கமாகக் கட்டிவிட்டு, வரி உள்ள சரக்கு விற்கிறவர் உள்ளீட்டு வரியாக, அதாவது தான் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ், அதாவது வாடகையிலிருந்து வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை, பிடிக்க வேண்டியிருக்கும்: கணக்குத் தணிக்கைக்கு உட்பட்ட வியாபாரி 10 சதவீதம், மற்ற தனிநபர்கள் 2 சதவீதம். முன்கூட்டியே சொல்லாமல் பிடித்தால், வாடகையில் கை வைக்கிறாயா என்பார்கள். சொத்து வரி யார், தண்ணீர் வரி யார், ஜிஎஸ்டி வாடகைக்கு உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் ஒரே பத்தியில் எழுதிவிடலாம்.

அட்வான்ஸுக்கு வருவோம். இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். கடைத்தெருவில் பத்து மாதம் சாதாரணம். பத்து மாதமே கொடுங்கள், ஆனால் வங்கி வழியாகக் கொடுங்கள், முழுத் தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாதியை எழுதிப் பாதியைக் கையில் கொடுத்தவர் காலி செய்யும்போது பாதிக்குத்தான் பேச முடியும்.

பூட்டு ஒரு பக்கம் மட்டும்

லாக்-இன் என்று ஒரு வார்த்தை இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் வருகிறது. இத்தனை மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்று அர்த்தம். பல ஒப்பந்தங்களில் அது வாடகைதாரரை மட்டும் பூட்டுகிறது, உரிமையாளர் ஒரு மாத நோட்டீஸில் அனுப்பிவிடலாம். இது தலைகீழாக இருக்க வேண்டும். உள்ளே பணம் போட்டவர் நீங்கள். குத்தகைக் காலம் முழுக்க, வாடகை பாக்கி போன்ற காரணம் இல்லாமல் அவர் எழுப்பக் கூடாது. ஒரு வருடம் கழித்து நீங்கள் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம். இப்படிக் கேளுங்கள். முழுதாகக் கிடைக்காது, பாதியாவது கிடைக்கும். புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறும் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். 'அப்போதைய நிலவரப்படி' என்று எழுதினால் அந்த நிலவரத்தை அவர்தான் சொல்வார்.

ஏற்காட்டில் கடை எடுக்கிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் கூட்டத்தில் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதங்களில் வருவது. கோடை விழாவும் மே மாதத்தை ஒட்டித்தான். ஜூன் 1-ல் தொடங்கி 11 மாத ஒப்பந்தம் போட்டால் அது ஏப்ரல் 30-ல் முடிகிறது. மழையிலும் பனியிலும் ஈ ஓட்டிவிட்டு, சம்பாதிக்கிற மாதம் வரும்போது நீங்கள் ஒப்பந்தம் இல்லாத ஆள். அந்த வாரத்தில் கேட்கிற வாடகையைக் கொடுப்பதைத் தவிர வழி இருக்காது. மலையில் குத்தகை ஜூலையிலோ ஆகஸ்டிலோ முடிகிற மாதிரி போட வேண்டும், குறைந்தது இரண்டு சீசன் உள்ளே வர வேண்டும். ஏற்காடு மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட இடம் என்பதால், கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா, அது வணிகக் கட்டடத்துக்கான அனுமதியா என்பதைத் தாளிலேயே பார்த்துவிடுங்கள். சீல் வைத்தால் உரிமையாளருக்கு வாடகை நஷ்டம், உங்களுக்குச் சரக்கோடு கடை.

கடை வாசலில் ஒரு பூக்கடை

கடை முன்னால் இரண்டடி இடத்தை மொபைல் கவர் விற்கும் பையனுக்கோ பூக்கார அம்மாவுக்கோ தினக்கூலி மாதிரி ஒரு தொகைக்கு விடுவது நம் வழக்கம். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாவிட்டால் அது உள்வாடகை. காலி செய்ய மனுப் போட அதுவே ஒரு காரணம். அண்ணன் பெயரில் எடுத்த கடையைத் தம்பி நடத்துவதையும், பங்குதாரரைச் சேர்ப்பதையும் உள்வாடகை என்று வாதாடுவார்கள். முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மாநகராட்சிக் கடைகளுக்கு 2017 சட்டம் பொருந்தாது. ஏல நிபந்தனைதான் உங்கள் ஒப்பந்தம். அறநிலையத் துறைக் கோயில் கடையை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு எடுக்க ஆணையர் ஒப்புதல் வேண்டும். கோயிலில் யாரோ வாய்மொழியாகச் சொன்ன பத்து வருடம் செல்லாது.

காலி செய்கிற நாள்

தகராறு வந்ததும் சிலர் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும் என்று. இரண்டு மாதப் பாக்கி, அதைக் கேட்டு வந்த நோட்டீஸுக்கு ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், காலி செய்ய வைக்க அதுவே போதும். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்த வழி இருக்கிறது. அவர் பக்கத்துத் தவறு கரண்டையும் தண்ணீரையும் துண்டிப்பது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது, நீங்கள் அங்கேயே புகார் கொடுக்கலாம். காலம் முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தால் இரண்டு மடங்கு வாடகை கொடுக்க வேண்டி வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

ராக், ஏசி, பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு இவற்றில் எது யாருடையது என்ற பட்டியலைக் கடை எடுக்கும் நாளிலேயே போட்டோவோடு ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால், கழற்றும்போது யாரும் கத்த மாட்டார்கள். அட்வான்ஸை, பாக்கி போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சாவி கொடுத்த நாளிலிருந்துதான். நான் சாவியைக் கட்டடக்காரரின் மச்சானிடம் டீக்கடையில் வைத்துக் கொடுத்தேன். நாற்பது நாள் கழித்து, சாவி இன்னும் வரவில்லையே என்றார் அவர். சாவி பெற்றுக்கொண்டேன், மீட்டர் அளவு இவ்வளவு, தேதி இது என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.